வழியில் நிற்கும் வாளி

தொழில் வட்டாரத்தில் அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர். பார்வைக்கு என்னவோ சாதாரண மூக்குதான். ஆனால் தரை முழுக்கக் கார்ப்பெட் டைல், அதாவது சதுரம் சதுரமாக வெட்டிய கம்பளம், ஒட்டிய இடத்தில் எங்கிருந்தோ ஒரு வாடை வருகிறது, எங்கிருந்து என்று யாருக்கும் பிடிபடவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மண்டியிட்டு, இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தரை ஏதோ ரகசியம் சொல்வதுபோலக் குனிந்து கேட்பார். கொஞ்ச தூரம் ஊர்ந்துபோய் நிமிர்ந்து, “இது” என்பார். பெயர்த்துப் பார்த்தால் அதுவேதான். அந்த டைலை மட்டும் தனியே எடுத்துக் கழுவினால் போதும். அறை முழுவதையும் தண்ணீரில் ஊறவைத்து, பசை விட்டுப்போய், மறுநாள் கறை மறுபடி மேலேறி வந்து பல்லிளிக்கிற தொல்லை கிடையாது.

அப்பேர்ப்பட்ட மூக்கு போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. சோப்பும் சாக்கடையும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாக மனைவியிடம். கம்பெனி என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். முதலாளி, தொழிலாளி, வேன் ஓட்டுகிறவர் எல்லாம் அவர்களே. விஷயம் தெரிந்தால், “நீங்க வீட்டுல ஓய்வா இருங்க, தம்பி வரட்டும்” என்றுவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அந்தத் தம்பி, அதாவது அவருடைய மைத்துனன், வாடை பிடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, “அத்தான், எப்ப ரிட்டயர் ஆகப்போறீங்க?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறவன். வேலை போவதைக்கூட மூக்கர் பொறுத்துக்கொள்வார். தினமும் காலையில் அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, “போலாங்க” என்பாளே, அது போய்விடும். அதைத்தான் அவரால் பொறுக்க முடியாது.

மூக்கு போனால் என்ன, மூளை இருக்கிறதே என்று துணிந்துவிட்டார். நாய் எங்கே காலைத் தூக்கும்? மூலையில், கதவோரத்தில், பூந்தொட்டிப் பக்கத்தில். ஆபீஸில் காபி எங்கே கொட்டும்? மெஷினுக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவே. இப்படியே கணக்குப் போட்டு, மண்டியிட்டு மோந்து பார்ப்பதாகப் பாவனையும் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் தப்பவில்லை. அனுபவம் என்றால் சும்மாவா என்று அவருக்கே தன்மேல் கொஞ்சம் மதிப்பு கூடியிருந்தது.

ஒரே எரிச்சல், மனைவிக்குப் பொறுப்பு குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் அவளுடைய வாளி, பிரஷ், துணி எல்லாம் சுவரோரம் அடக்கமாக நிற்கும். இப்போது எங்கே போனாலும் வாளி நட்டநடுவில், துணி ஒரு பக்கம், பிரஷ் ஒரு பக்கம்.

“வாளி வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா?” என்று கத்துவார்.

“சரிங்க, இனிமே பார்த்து வைக்கிறேன்” என்பாள்.

அடுத்த இடத்திலும் அதே கூத்து. ஈரம் அடியில் இறங்கியிருக்குமே என்று அவள் சாமான் இருந்த டைல்களையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்துச் சுத்தம் செய்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அன்று கால்நடை டாக்டரம்மாவின் கிளினிக்கில் வேலை. விடுமுறை நாள் என்பதால் கூடம் காலி. சாம்பல் நிற டைல்கள், எது நிறம் எது அழுக்கு என்று சொல்ல முடியாதபடி கறுத்துக் கிடந்தன. ரிசப்ஷன் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

“நானும் என்னென்னவோ போட்டுப் பார்த்துட்டேன்” என்றார் டாக்டரம்மா. “இந்த வாடை போகலைன்னா மொத்தத்தையும் பிய்ச்சுப் போடவேண்டியதுதான். உங்க மூக்கைப் பத்தி ரொம்பச் சொன்னாங்க. இன்னிக்கு நேர்ல பார்க்கணும்.” சொல்லிவிட்டு வசதியாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வேக்குவம் போட்டாக வேண்டும். காய்ந்த மண்ணை உறிஞ்சி எடுக்காமல் தண்ணீர் விட்டால் அது கழுவுவது ஆகாது, சேறு பூசுவது ஆகும். அது மனைவியின் வேலை. நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என்று அவள் பொறுமையாகப் போட்டு முடிக்கும்வரை மூக்கர் மனதுக்குள் நாய்களின் போக்குவரத்தைக் கணக்குப் போட்டார்.

பிறகு நேராகக் கதவோர மூலைக்குப் போய், மோந்து பார்ப்பதுபோலக் குனிந்து, டைலைப் பெயர்த்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. பூந்தொட்டிக்கு அடியில் இருந்ததும் சுத்தம். எடை மெஷின் ஓரத்தில் இருந்ததும் சுத்தம். டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார்.

அப்போதுதான் மூக்கர் தன் கையிலிருந்த டைல்களின் முதுகைக் கவனித்தார். எல்லா டைலிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். ஒட்டும்போது அத்தனையும் ஒரே திசை பார்க்க வேண்டும். இவை ஆளுக்கொரு திசை பார்த்தன.

“யாராவது டைலை மாத்திப் போட்டாங்களா?”

“ஆமாங்க” என்றாள் ரிசப்ஷன் பெண். “போன தடவை வந்தவங்க, நடுவுல கறுத்திருந்ததை ஓரத்துக்கும் ஓரத்துல இருந்ததை நடுவுக்கும் மாத்திட்டாங்க. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.”

மூக்கரின் கணக்கெல்லாம் பொய்த்துப்போனது. மூலையில் இருந்த டைல் இப்போது எங்கே இருக்கிறதோ, அந்த நாய்க்கே தெரியாது. வேறு வழியில்லாமல் கூடத்தின் நடுவே மண்டியிட்டு, நிஜமாகவே மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கண்ணை மூடியபடியே ஊர்ந்தார். ணங்கென்று தலை எதிலோ முட்டியது. வாளி.

வாயைத் திறந்துவிட்டார். திட்டு தொண்டைவரை வந்தது. அப்போது வாளிக்குள் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

இன்னும் தண்ணீரே எடுக்கவில்லை. இப்போது வாளிக்கு இங்கே என்ன வேலை? கொஞ்சம் தள்ளி, மடிப்புக் கலையாத துணி ஒன்று கிடந்தது. அதற்கப்பால் பிரஷ், சன்னலோரம் மூடி திறக்காத கறை மருந்து பாட்டில். அவள் இவர் பக்கமே திரும்பாமல், உலகத்திலேயே அதுதான் முக்கியம் என்பதுபோல வேக்குவத்தின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மூக்கர் வாளியை நகர்த்திவிட்டு டைலைப் பெயர்த்தார். பின்பக்கம் மஞ்சளும் பழுப்புமாக ஊறிப்போயிருந்தது. ரிசப்ஷன் பெண், “அம்மாடி” என்று பின்வாங்கினாள். துணிக்கு அடியில் ஒன்று. பிரஷுக்கு அடியில் ஒன்று. பாட்டிலுக்கு அடியிலும்.

“அடேயப்பா, என்ன மூக்குங்க உங்களுக்கு” என்றார் டாக்டரம்மா.

மூக்கருக்கு ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று காய்ச்சலுக்குப் பிறகு போன இடமெல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லா இடத்திலும் ஒரு வாளி, எல்லா வாளிக்கும் ஒரு திட்டு. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, பார்த்து வைக்கிறேன் என்றாளே, பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். கண் கரித்தது. மருந்து நெடி என்று சொல்லவும் வழியில்லை, இன்னும் பாட்டிலையே திறக்கவில்லை.

வேலை தன்பாட்டுக்கு நடந்தது. கெட்டுப்போன டைல்களைத் தனியே மருந்தில் ஊறப்போட்டு, அவை இருந்த தரையைத் துடைத்தார்கள். மற்றவற்றுக்கு மருந்து தெளித்து, அழுக்கு இளகும்வரை காத்திருந்து, பிரஷ் மெஷின் ஓட்டி, சுடுதண்ணீர் விட்ட கையோடு உறிஞ்சி எடுத்தார்கள். தண்ணீர் கஷாயம் மாதிரி வந்தது. ஊறிய டைல்களைக் கழுவிக் காற்றாடி முன்னால் நிறுத்தி, காய்ந்ததும் அம்புக்குறி பார்த்துப் போட்டபோது, கூடம் வெளிர் சாம்பல் நிறத்தில் வேறொரு கூடமாக இருந்தது.

கடைசியாக ஒருமுறை மோந்து பார்ப்பது மூக்கரின் வழக்கம். டாக்டரம்மாவும் அதற்காகவே காத்திருந்தார்.

“இன்னிக்கு நீ பாரு” என்றார் மூக்கர் மனைவியிடம்.

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, கண்ணை மூடி, அச்சு அசலாக அவரைப் போலவே குனிந்தாள். ரிசப்ஷன் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஒரு வாடையும் இல்லைங்க” என்றாள் நிமிர்ந்து.

“எனக்கும்தான்” என்றார் மூக்கர். “காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு எந்த வாடையும் இல்ல. எல்லாத்தையும் கண்டுபிடிச்சது இவதான், டாக்டரம்மா.”

சாமான்களை ஏற்றிவிட்டு இருவரும் வேனில் ஏறினார்கள். அவள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“அடுப்புல பால் தீஞ்சு நாறிச்சே, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்களே, அன்னிக்கே.”

“சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு இத்தனை திட்டு வாங்கின?”

“சொன்னா ரோஷப்பட்டு நீங்க வீட்டுல உக்காந்துடுவீங்க. அப்புறம் தம்பிதான் வண்டி ஓட்ட வருவான்” என்றாள். “எனக்கு உங்ககூடத்தான் வரணும். போலாங்க.”

மூக்கர் வண்டியைக் கிளப்பினார். முதல் திருப்பத்தில் பின்னால் வாளி கவிழ்ந்து நடுவே உருண்டது. “அங்கேயே இருக்கட்டும்” என்றார் அவர்.