பெரியவரும் மரத்துச் சொறியும்

அக்கா விலங்குப் பூங்காவின் மருத்துவர். தம்பி அதே பூங்காவின் மரங்களில் லைக்கன் கணக்கெடுப்பவன். மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாய் ஒட்டிக்கிடக்கும் உயிர் அது. வீட்டில் அவனுக்கு 'சொறி டாக்டர்' என்று பெயர். வைத்தவள் அக்காதான்.

"நான் தொள்ளாயிரம் கிலோவுக்கு வைத்தியம் பாக்கறேன். நீ ஊதினா பறக்கறதைக் கட்டிக்கிட்டு அழுவுறே."

தொள்ளாயிரம் கிலோ என்பது பெரியவர். பூங்காவின் மூத்த காட்டெருமை. அது மேய்ந்துகொண்டே வேலியோரம் வந்தால் வாயாடிக் குழந்தைகளும் வாயடைத்துப் போவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், பூங்கா மதிலுக்கு அப்பால் இருந்த ஈயம் உருக்கும் ஆலையை ஒட்டிய மரங்களில் லைக்கன் வெளுத்து உதிர்ந்தது. புகைதான் காரணம் என்று தம்பி பூங்கா மேலாளரிடம் எழுதிக் கொடுத்தான். "பாசி செத்ததுக்கு ஒப்பாரியா வைக்க முடியும்?" என்று அவர் சிரித்தார். அக்காவும் கூடச் சிரித்தாள்.

இந்த வருடம் பெரியவர் பல்லை நறநறவென்று கடிக்கத் தொடங்கியது. பார்வை போய்ச் சுவரில் முட்டியது. நான்காம் நாள் முன்னங்கால் மடிந்து விழுந்தது. மூச்சு அடங்கும்வரை அக்கா அதன் கழுத்தின்மேல் கைபோட்டுத் தரையிலேயே கிடந்தாள். ஈரலில் ஈயம் என்றது பரிசோதனைக்கூடம். செய்தியாளர்கள் வந்தார்கள். ஊரே அழுதது.

கைகழுவும் தொட்டியருகே அக்கா கேட்டாள். "நீ அன்னிக்கே சொன்னியேடா. நான் ஏன் காது குடுக்கல?"

தம்பி குழாயை மூடினான்.

"லைக்கனுக்கு வேர் கிடையாதுக்கா. காத்துல வர்றதைத்தான் குடிக்கும். பெரியவர் புல்லு மேல படிஞ்சதைத் தின்னாரு. ரெண்டு பேரையும் கொன்னது ஒரே புகைதான். லைக்கன் செத்தப்ப சத்தம் வரல, அவ்வளவுதான்."

இறப்பு அறிக்கையில் 'முதல் அறிகுறி தெரிந்த நாள்' என்ற இடத்தில் அவள் லைக்கன் உதிர்ந்த தேதியை எழுதினாள். மேலாளர் கோப்பைத் திருப்பித் தள்ளினார்.

"எருமை ரிப்போர்ட்ல பாசி எதுக்கும்மா? தெரிஞ்சும் சும்மா இருந்தோம்னு ஆயிடும்."

"இருந்தோமே, சார்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. தன் ஒரு கையெழுத்தோடு அவள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினாள்.

ஐந்து மாதம் கழித்துத்தான் ஆலையின் உலையை அணைத்தார்கள். அதற்குள் ஒரு சினை எருமையும் போய்விட்டது. மிஞ்சிய நான்கை வேறு பூங்காவுக்கு லாரியில் ஏற்றி, பின்கதவை அக்காவே தாழிட்டாள்.

லாரி போனபின் இருவரும் வேலியோரம் நின்றார்கள். விஷமென்று மாதக்கணக்காய் மேயவிடாததில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.