அருவிக்கரையில் கத்திச் சொன்னது

பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று தென்காசி போலீஸ் ஏட்டு சிவனணைந்தபெருமாளுக்குப் பெயர். அதுவே அவருக்கு வினையானது. எண்பத்திரண்டு ஜூனில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றுவலிக்குக் காட்டிவிட்டுத் திரும்பியது முதல் மனைவி வள்ளித்தாய் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெறும் அல்சர்தானாம். மாத்திரையில சரியாப் போயிரும்," என்பாள், அவர் சட்டைப் பித்தானைப் பார்த்தபடி.

அவருக்குக் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. ரேடியோவைப் போடுவார், அணைப்பார். பஸ் ஸ்டாண்டு வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவார். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பார்க்க வந்த அண்ணன் பரமசிவன் மழையைப் பற்றியே பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போனார். அன்று அவர் எறிந்த சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதி விழுந்தது.

ஜூலையில் ஒரு காலை அவரைக் காணோம். ஆணியில் தொங்கிய காக்கி உடுப்பையும் காணோம். குற்றாலத்தில் சீசன் நேரம், போலீசுக்கு அங்கேதான் டூட்டி. வள்ளித்தாய் குற்றாலம் பஸ் ஏறினாள்.

மெயினருவியில், தொளதொளத்த காக்கியில், விசில் ஊதிக் கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். டூட்டியிலிருந்த போலீஸ்காரர் ஒலி முகம்மது கையைப் பிசைந்தார். "ஏட்டய்யாகிட்ட நான் எப்படிக்கா போகச் சொல்லுதது?"

அவள் போய்க் கையைப் பிடித்தாள். "என்ன காரியம் பண்ணுதீய? லீவுலல்லா இருக்கீய! வீட்டுக்கு வாங்க."

"வீட்டுல எல்லாரும் என்னையப் பொணத்தப் பாக்க மாதிரி பாக்குதீய. இங்கன ஒருத்தனும் அப்படிப் பாக்கல." அவள் பக்கம் குனிந்தார். "திருட்டுப்பயகூட எம் முகத்தப் பாத்துப் பேசுவான். நீ பேச மாட்டேங்கே. டாக்டர் என்னட்டி சொன்னாரு?"

அவள் உதடு அசைந்தது. அருவி இரைச்சலில் கேட்கவில்லை.

"என்னது?"

"கேன்சர்!" என்று கத்தினாள். "ஈரல் வரைக்கும் பரவிட்டாம். ஆபரேசன் முடியாதாம். தீபாவளி தாண்டாதுன்னுட்டாரு!"

ஈரத்தலையோடு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நனைந்த படியில் உட்கார்ந்தார். அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஒரு மாசமா இத ஒத்தையில வச்சுக்கிட்டு எப்படிட்டி சோறு பொங்குன?"

அவள் அப்போதுதான் அழுதாள். அவரும்.

பயம் அதோடு போய்விடவில்லை. விடிகாலையில் வரும். "வருதுட்டி" என்பார். அவள் அடுப்பை விட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். பரமசிவனும் ஒருநாள், "எனக்குப் பயமா இருக்குலே" என்று சொல்லி வாய்விட்டு அழுதார். அதன்பின் தினமும் வந்தார்.

தீபாவளி கடந்தது. பொங்கலும் கடந்தது. மனம் தேறியதாலா இத்தனை நாள் தாங்கினார் என்று வள்ளித்தாய் கேட்டதற்கு, "அப்படிச் சொல்ல எனக்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டர்.

மாசியில் ஒரு பிற்பகல் ஏட்டு தண்ணீர் கேட்டார். பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று.