தேயிலைத் தூள் படிந்த டிஸ்க்

துஷாந்துக்குக் கை சும்மா இருக்காது. ஹட்டனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கரானவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான்.

பொதி கட்டும் மேசையிலிருந்து ஒரு தேயிலைப் பொதி காணாமல் போனது. பழி, சல்லடையில் வேலை செய்யும் மீனம்மா மேல் விழுந்தது. வேலையே போய்விடும் நிலை. துஷாந்த் தொழிற்சாலைக் கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தான். அன்று முழுக்க அவள் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

“பயப்படாதீங்கக்கா, எல்லாம் டிஸ்க்ல இருக்கு. தொர வந்ததும் காட்டுறேன்.”

தோட்டத்தை நடத்தும் தொரை கொழும்பிலிருந்து திரும்புவதற்குள், பதிவு இருந்த டிஸ்க் டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கியது. பதிவு வரவில்லை. மழை ஈரம்தான் காரணம் என்று அவனே முடிவு கட்டினான். தோட்டத்தில் எது நனைந்தாலும், காலில் போடும் சப்பாத்தோ கைப்போனோ, தேயிலை காய்கிற டிரையர் அறைக்குத்தான் போகும். நம்ம துஷாந்தும் டிஸ்க்கின் மூடியைக் கழற்றி அங்கே கொண்டுபோய் வைத்தார், பெரிய இன்ஜினியர்! கண்ணாடி போல் மின்னிய தட்டில் தேயிலைத் தூள் படிந்தது. தட்டு சுழலும்போது, பதிவைப் படிக்கும் முனை அதைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் நிற்க வேண்டும். நடுவே ஒரு தூசி போதும், எல்லாம் கீறிப் போகும். மூடிவிட்டு ஓட்டினான். கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது.

தொரை திரும்பியதும், கண்டியிலிருந்து வந்த ரிப்பேர்காரர் அவர் முன்னால் திறந்து பார்த்தார். “தட்டு பூரா கீறல். ஒண்ணும் எடுக்க ஏலாது. மூடியக் கழட்டினது யாரு?”

“தெரியாதுங்க” என்றான் துஷாந்த்.

அந்தப் பழியும் மீனம்மா தலையில் விழுந்தது. பதிவை அழிக்க ஆள் வைத்து உடைத்தாயா என்று தொரை கேட்டார். இல்லை என்றாள். வேறு யார் என்றதற்கு வாயே திறக்கவில்லை. வெளியே வந்தபின் துஷாந்திடம் மெல்லச் சொன்னாள்.

“டிரையர்கிட்ட நீங்க வச்சத பாத்தேன் தம்பி. எனக்காகத்தானே தொறந்தீங்க. அதப் போயி காட்டிக் குடுப்பேனா?”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேராக உள்ளே போனான்.

“நான்தாங்க தொறந்தேன். பதிவும் பாத்தேன். அக்கா மேச பக்கமே போகல.”

“கேட்டப்ப தெரியாதுன்னியே. இப்ப எப்பிடி நம்புறது?” என்றார் தொரை.

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற மீனம்மாதான் சொன்னாள்.

“அந்தத் தம்பி பொய் சொல்லாதுங்க தொர.”