நடந்தால் வரும் கணக்கு

வீட்டிலும் வேலையிடத்திலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா எப்போதோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது அவள் பிழைப்பு. பல வருடம் ஒப்பந்தத்தில் ஓடியவளிடம், வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பரீட்சை எழுது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம், ஐம்பது கேள்வி, அதில் பாதிக்கு மேல் சதவீதக் கணக்கு.

“நடக்குற வேலைக்கு எதுக்குங்க உக்காந்து பரீட்சை?” என்று புருஷனிடம் பொருமினாள்.

பேக்கரியில் அடுப்பு பார்க்கும் அவன், மதியம் வந்ததும் கேள்வியை உரக்கப் படிப்பான். அவள் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே பதில் சொல்வாள்.

“இருபத்தஞ்சுல பதினாறு சதவீதம்?”

“திருப்பிப் போடுங்க. பதினாறுல இருபத்தஞ்சு சதவீதம். கால்வாசி. நாலு.”

“அடியே, நான் வாயை மூடக்கூட இல்ல!”

ஒரு நாள் பரீட்சை மாதிரியே இருக்கட்டும் என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். அதே மாதிரிக் கணக்குதான். கால் நின்றதும் மண்டையும் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியை அவன் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டான்.

பரீட்சை அறையில் அதுவேதான் நடந்தது. முதல் பக்கத்தை எப்படியோ ஒப்பேற்றினாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு தொட்டி வந்தது. தண்ணீர் இருபத்தைந்து சதவீதம் கூடியிருக்கிறது. பழைய அளவுக்கு வர எத்தனை சதவீதம் குறைய வேண்டும்? கூடினது இருபத்தைந்து, குறைவதும் இருபத்தைந்துதானே என்று பென்சிலால் வட்டத்தை நிரப்பினாள். மனசு ஒப்பவில்லை. அடுத்த கேள்வியில், எழுதியவர்களில் முப்பத்தைந்து சதவீதம் பேர் தோற்று, இருநூற்று அறுபது பேர் தேறியிருந்தார்கள். மொத்தம் எத்தனை பேர்? மூன்று முறை படித்தாள். ஒன்றும் ஏறவில்லை. முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது.

“மேடம், பெஞ்சு ஆடுது,” என்று பக்கத்து ஆள் பல்லைக் கடித்தார்.

அவள் கையைத் தூக்கி, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள்.

துணைக்கு ஒரு பெண் காவலர் வந்தார். நடைபாதை நீளமாக இருந்தது. நாலு எட்டு வைத்ததும் தலைக்குள் ஏதோ திறந்தது. நூறு இருந்தது நூற்று இருபத்தஞ்சாச்சு. அதுல இருபத்தஞ்சு போகணும். அஞ்சுல ஒரு பங்கு. இருபது சதவீதம்! முப்பத்தஞ்சு தோத்தா அறுபத்தஞ்சு பாஸ். அறுபத்தஞ்சு இருநூத்தறுபது ஆகணும்னா நாலு மடங்கு. நானூறு!

“வாய்க்குள்ள என்ன முணுமுணுக்குறீங்க?” காவலர் வழிமறித்தார்.

“கணக்குங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தது? கையைக் காட்டுங்க.”

உள்ளங்கை, ரவிக்கைக் கை, செருப்பின் அடி எல்லாம் பார்த்தார். எதுவும் இல்லை. இருந்தும் மனம் ஆறாமல் மேற்பார்வையாளரிடம் இழுத்துக்கொண்டு போனார். சுவர்க் கடிகார முள் ஓட ஓட அவளுக்கு அழுகை முட்டியது.

“ஐயா, நடந்தாதான் எனக்குக் கணக்கு வரும். அவ்வளவுதான்.”

மேற்பார்வையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “தாள் ஏதாவது சிக்கிச்சா?”

“இல்ல சார். ஆனா உதடு அசைஞ்சுது.”

“உதட்டுக்கெல்லாம் தடை இல்லம்மா. போய் எழுதச் சொல்லு.”

ஓடிவந்து தொட்டிக் கணக்கின் விடையை அழித்துத் திருத்தினாள். நானூறை நிரப்பினாள். பிறகு செருப்பைக் கழற்றி, பெஞ்சு ஆடாதபடி, கட்டைவிரல்களை மட்டும் மாற்றி மாற்றித் தரையில் ஊன்றினாள். மனசுக்குள் ஒரு தெருவில் நடந்தாள். கணக்கு தட்டுத் தடுமாறி வந்தது. மணி அடித்தபோது ஆறு கேள்வி மிச்சம்.

“அந்தம்மா பிடிச்சு வச்ச நேரத்துல ஆறையும் முடிச்சிருப்பேங்க,” என்று வாசலில் காத்திருந்த புருஷனிடம் குமுறினாள். முடிவு வரும்வரை அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

தேர்வானவர்கள் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டபோது, கடைசிக்கு முந்தின வரியில் அவள் பெயர் இருந்தது.

“வாலைப் பிடிச்சு ஏறியிருக்கேன்,” என்றாள்.

“ஏறிட்டியா இல்லையா? அதைச் சொல்லு,” என்று சிரித்தான் அவன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டியலை மறுபடி மேலிருந்து விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.