பின்வாசல் இல்லாத அரண்மனை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியரின் உபதேசத்தில் பிறந்தது. "கிராமத்துப் பக்கம் காலாற நடந்துவிட்டு வாருங்கள் சார். மாய உலகங்கள் தானாக மனதில் விரியும். அதில் ஒன்றைத் தீபாவளி மலருக்குக் கொடுங்கள்" என்றார். அவர் ரிக்‌ஷா இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாத மனிதர்.

நான் மீஞ்சூரில் குடியிருப்பவன். 1974, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாஷ்டாவை முடித்து, சலவைச் சட்டை மாட்டி, ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கிக் கிழக்கே வரப்பு வரப்பாக நடந்தேன். மனதில் ஒன்றும் விரியவில்லை. செருப்பு வார்தான் பிய்ந்தது. மாய உலகத்தைத் திட்டிக்கொண்டே நொண்டி நொண்டித் திரும்பினேன்.

2

தொடக்கம் அ: கதிரவன் தன் பொற்கரங்களால் பசுங்கழனிகளைத் தழுவ—

(வேண்டாம். அன்று அவன் யாரையும் தழுவவில்லை. மண்டையைப் பிளந்தான்.)

தொடக்கம் ஆ: முன்னொரு காலத்தில் ஓர் அரண்மனை இருந்தது. அதன் மதில்—

(இருந்ததா இல்லையா என்பதுதானே தகராறு. கொஞ்சம் பொறுங்கள்.)

தொடக்கம் இ: தலையில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

இது நடந்தது. நடந்ததை எழுதினால் ஆசிரியருக்குப் பிடிக்காது. ஆகவே இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

முன்னால் போனவள் அங்காளம்மாள். பின்னால் பூவம்மாள். ஓரகத்திகள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மடவையும் இறாலும் சுமந்துகொண்டு கும்மிடிப்பூண்டிச் சந்தைக்கு நடப்பவர்கள். சந்தை கலைவதற்குள் போய்ச் சேர்ந்தால் அது மீன். இல்லையென்றால் எரு.

வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பின்னால் நொண்டிக்கொண்டு போன எனக்கு முழுக்கதையும் அந்தச் சண்டையிலிருந்துதான் கிடைத்தது. (வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வழியைச் சரிபார்க்கும் வாசகர்களுக்கு: பார்த்துக்கொண்டிருங்கள். உங்களை நம்பிக் கதை நிற்காது.)

கூடையைத் தரையில் இறக்கினால் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் சோடியாக நடக்கிறார்கள், பாசத்தினால் அல்ல. வழியில் ஒரே ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தித் தோளுயரத்துக்கு வைத்திருப்பார்கள். அதில் மட்டும் யார் தயவும் இல்லாமல் பாரத்தை இறக்கலாம், ஏற்றலாம். அந்தக் கல் வரைக்கும் பூவம்மாளை முனகாமல் நடத்திக்கொண்டு போக அங்காளம்மாள் கண்டுபிடித்ததுதான் அரண்மனை.

"இன்னும் கொஞ்சம் நடடி. அதோ கீது பாரு அரண்மன."

"எங்க கீது? ஒரு கல்லும் ஒரு காக்காவும் கீது."

"காக்கா இல்லடி, வாசக்காரன். தொப்பி போட்டுக்கினு நிக்கிறான். உன்னியப் பாத்தா சலாம் போடுவான்."

வருஷக்கணக்காக இப்படித்தான். எண்ணெய் ஊற்றாமல் எரியும் விளக்கு, வானத்தைத் தொடும் கோபுரம், அதன் உச்சியில் சாம்பிராணிப் புகை, சுற்றி ஆனை உயரத்துக்கு மதில் என்று நடைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாள். பூவம்மாள் ஒன்றையும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த விமர்சகர்களைவிடக் கறாரானவள். ஒரே வித்தியாசம், இவள் திட்டிக்கொண்டே கூடவே நடந்தாள்.

4

பிறகு அந்தக் கல்லைச் சுற்றி நிஜமாகவே லாரிகள் வந்தன. மதில் எழுந்தது. தொப்பி போட்ட காவல்காரன் வந்தான். குழல்விளக்கு வந்தது, எண்ணெய் இல்லாமல். வானத்தைத் தொட ஆலைப் புகைபோக்கி வந்தது. சாம்பிராணி மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த வாசனை என்னவென்று மூக்கு உள்ளவர்கள் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

படித்தவர்கள் இதை வளர்ச்சி என்றார்கள். குப்பம், அங்காளம்மாளுக்குக் கருநாக்கு என்றது. இரண்டில் குப்பத்தின் விளக்கம்தான் எனக்குப் புரிந்தது.

அன்றுகூட, அவர்கள் தலை தெரிந்ததும் கழனிக்காரர் வீரராகவன் துண்டை ஆட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார்.

"யம்மா, தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும். என் கழனியப் பாத்து ஒண்ணும் பேசாத! நேராப் பாத்துக்கினு போயிடு. முனுசாமி கழனியப் பாத்து 'இங்க ஒரு கொளம் இருந்தா நல்லாருக்கும்'னே. இப்பப் போயி பாரு, செவப்புத் தண்ணி தேங்கி நிக்குது!"

"கொளம்தான் கேட்டேன் நைனா. கலரு நான் கேக்கலியே" என்றாள் அங்காளம்மாள், நடையை நிறுத்தாமல்.

5

இப்போது மதிலுக்கு வந்துவிட்டோம். இந்த இடத்தைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் அடைப்புக்குறிக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வரை மதிலில் ஒரு சந்து இருந்ததாம். அதில் நுழைந்து, சுமைதாங்கியில் கூடைகளை இறக்கிக் கழுத்தை ஆற்றிக்கொண்டு, மறுபக்கமாகப் போய்விடுவார்களாம். அன்று அந்த இடைவெளியை அடைத்துவிட்டிருந்தார்கள். சிமெண்ட் இன்னும் காயவில்லை. சுமைதாங்கி உள்ளே, இவர்கள் வெளியே. ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் சந்தை பாதி கலைந்துவிடும்.

ஒருத்திக்கொருத்தி கை கொடுத்துக் கூடைகளைத் தரையில் இறக்கினார்கள். இறக்கியதுமே சண்டை பெரிதானது.

"இவ்ளோ பெரிய அரண்மன கட்னியே யக்கா, பின்னால ஒரு வாச வெச்சியா?"

"வெச்சேன்டி. நீதான் 'பின்வாச எதுக்கு, திருடன் பூந்துடுவான்'னு சொன்னே."

பூவம்மாள் ஈரச் சுவரைக் கையால் தடவினாள். பிறகு அவள் கேட்ட குரல் வேறாக இருந்தது. வாழ்நாளில் ஒரு செங்கல்லைக்கூட நம்பாதவள் கெஞ்சினாள்.

"சரி, இப்பச் சொல்லு. இங்க ஒரு கதவு கீதுன்னு சொல்லுக்கா. நான் நம்பறேன். ஒண்ணும் நொட்ட சொல்ல மாட்டேன். சொல்லு!"

அங்காளம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் சொன்ன ஊடு இல்லடி. வேற எவனோ சொன்னது. நான் சொன்ன ஊட்ல நம்ப ரெண்டு பேருக்கும் ஒக்கார எடம் இருந்துச்சு."

"சொல்ல மாட்டே? அப்ப இனிமே நீ உன் வழி, நான் என் வழி. நாளையிலேர்ந்து நான் செங்கம்மா கூடப் பொன்னேரிக்குப் போறேன். உன் கூடைய உன் வாசக்காரன் வந்து தூக்கட்டும்!"

என் பக்கம் திரும்பி, "யோவ், இதப் புடி" என்றாள். பிடித்தேன். கூடை அவள் தலைக்கு ஏறியது. மீன் தண்ணீர் என் சலவைச் சட்டையில் கைமூட்டு வரை ஏறியது. அவள் விறுவிறுவென்று நடந்தாள். மதிலின் மூலையில் ஒருமுறை நின்றாள். தலையில் பாரம் இருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. பிறகு போய்விட்டாள்.

6

முடிவு ஒன்று, ஆசிரியருக்காக: அங்காளம்மாள் ஈரச் சிமெண்டில் விரலால் ஒரு கதவு வரைகிறாள். அது மெல்லத் திற—

(நானும் தொட்டுப் பார்த்தேன். விரலில் சிமெண்ட் ஒட்டியது.)

முடிவு இரண்டு, ஆவேசமான நண்பர்களுக்காக: குப்பமே திரண்டு வந்து மதிலை இடித்து—

(குப்பம் அந்நேரம் ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் வயிறு இருக்கிறது.)

முடிவு மூன்று, என் மனைவிக்காக, அவளுக்கு அழுகை வந்தால்தான் கதை: பூவம்மாள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து, "யக்கா" என்று—

(வரவில்லை. அந்த மூலையைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். வந்திருக்கலாம். சண்டாளி.)

7

அங்காளம்மாள் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, சட்டையவே பாத்துக்கினு கீறியே. ஒரு கை புடி. இன்னும் நேரமாச்சின்னா மீனு கெட்டுப்பூடும்."

நான் பிடித்தேன் என்று எழுதினால், அந்தச் சட்டையைப் பற்றி இவ்வளவு நேரம் அழுதவனை நீங்கள் நம்ப மாட்டீர்கள். பிடிக்கவில்லை என்று எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பஜ்ஜி மடிப்பீர்கள். அப்படியே பிடித்தாலும் அது இன்றைக்கு. நாளைக்கு யார்? நான் மீஞ்சூருக்கு ரயிலேறிவிடுவேன். ஆகவே முடிவு எழுதுவதாக இல்லை.

அவள் குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். மறுபக்கம் காலி. நீங்களோ இரண்டு கையாலும் தீபாவளி மலரைப் பிடித்துக்கொண்டு, "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் என்ன கதை என்று எட்டிப் பார்க்கிறீர்கள்.

அதைக் கீழே வையுங்கள்.