கொட்டாங்குச்சி வீடு

ரூத் மருமகளாய்த் திருப்போரூர் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் துணிப்பெட்டி, மறு கையில் கம்பிக்கூண்டு. கூண்டுக்குள் உள்ளங்கை அளவில் பழுப்பு நிற ஹாம்ஸ்டர் ஒன்று. பெயர் பிஸ்கட். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற வசந்தா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எலியெல்லாமா வூட்ல வெச்சிப்பாங்க?"

மருமகள் வாய்க்குப் பூட்டுப் போட அது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரே மகன் சரவணகுமார் வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதில் வசந்தாவுக்கு இருந்த மனக்குறை சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அது ரூத்துக்கு எப்படித் தெரியும்? வேலை விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மறைமலைநகரில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்ப்பதாக மகன் சொன்ன அன்று வசந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதத்தில், புதுப்பட்டினத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ரூத் கிளம்பினாள். சரவணகுமாருக்கு நைட் ஷிஃப்ட். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "அத்த, பிஸ்கட்ட கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்றாள். அவள் மாமியாரிடம் கேட்ட முதல் உதவி அது. இது முருகன் கொடுத்த வழி என்று வசந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தப் பிராணியை நன்றாக வைத்துக்கொண்டால் அந்தப் பெண் இங்கேயே இருந்துவிடுவாள்.

கூண்டைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். அடியிலும் கம்பிதான். பாதம் சிவந்து கிடந்தது. மறுநாளே பஸ் பிடித்துச் செங்கல்பட்டில் மீனும் கிளியும் விற்கும் நௌஷாத் கடைக்குப் போய் விசாரித்தாள். ஓட அகலமான இடம் வேண்டும், கால் பதியத் தட்டையான தரை வேண்டும், குடைந்து ஒளிய மரச்சீவல் ஆழமாகப் போட வேண்டும், வெயிலும் பூனையும் சத்தமும் கூடாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"பொக மட்டும் ஆவவே ஆவாதும்மா. அதுக்கு மூச்சு ரொம்பச் சின்னது."

வசந்தாவுக்கு உடனே புருஷனின் பீடி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் செங்கல்வராயனைப் பீடியோடு தெருவுக்கு அனுப்பினாள்.

தீபாவளிப் பலகாரம் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, மூடியை வெட்டி வலை பொருத்தினாள். சீவலைக் கொட்டி, அது ஏறி ஓட வாங்கி வந்த சக்கரத்தை நிறுத்தினாள். கொட்டாங்குச்சி ஒன்றின் நாரைச் சுரண்டி, ஓரத்தில் வாசல் மாதிரி வெட்டி, குத்தாமலிருக்க அதைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கிக் கவிழ்த்து வைத்தாள். படுக்கையறை. பிஸ்கட் கன்னம் நிறையக் கம்புத் தானியத்தை அடக்கிக்கொண்டு அதற்குள் புகுந்ததைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

வெயில் படாமல், பூனை நுழையாமல், டிவி சத்தம் கேட்காமல் அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் பூஜை அறை. டப்பாவை அங்கேயே வைத்தாள்.

"புள்ளையாரு வண்டிய இங்க நிறுத்திட்டுப் பூட்டாரா?" என்றார் செங்கல்வராயன்.

ரூத் வந்து பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று வசந்தா நம்பினாள். உன்னுடையதை என் சாமி பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பதற்கு மேல் ஒருத்தி என்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டாள். கைக்குழந்தையாய் இருந்தபோது சரவணகுமாருக்குக் காட்டியது போலவே டப்பாவுக்கும் காட்டினாள். "கண்ணு படாம நல்லா இருடா" என்று வலை மேல் கையால் விசிறினாள். மணம் நிற்கட்டும் என்று எப்போதும் போல் கதவைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பிஸ்கட் கொட்டாங்குச்சிக்கு வெளியே வாய் திறந்து நீட்டிக் கிடந்தது. அறையில் நின்ற புகை அவள் கண்ணைக் கரித்தது. அப்போதுதான் கடைக்காரர் சொன்னது உறைத்தது. இத்தனை வருஷத்தில் சாம்பிராணியை அவள் புகை என்று எண்ணியதே இல்லை.

வெயிலுக்குச் செத்தது என்று சொல்லிவிடும்படி செங்கல்வராயன் சொன்னார். முருகன் முன்னால் நின்றுவிட்டு வந்த நெற்றியோடு அவளால் அது முடியாது.

மறுநாள் ரூத் வந்ததும் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"பொக ஆவாதுன்னு கடக்காரரு சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"அப்புறமும் காட்டினீங்க."

வசந்தா டப்பாவின் வலையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம் அத்த. எங்கம்மா வூட்லயே வுட்டுட்டு வந்திருப்பேன்."

பிஸ்கட்டைக் கொட்டாங்குச்சியில் வைத்துப் பின்புறம் முருங்கையடியில் புதைத்தாள் ரூத். மண் தள்ளுமுன், அந்த வழவழப்பான விளிம்பை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஆடியில் குடிபோக வேண்டாம் என்று மட்டும் மகன் அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தான். ஆவணி பிறந்ததும் வேன் வந்தது. சாமான் ஏறும் வரை வசந்தா கேட்டருகே நின்றாள். வண்டியில் உட்கார்ந்துவிட்ட ரூத் தலையை நீட்டினாள்.

"வெயில்ல நிக்காதீங்க அத்த. உள்ள போங்க."

வேன் தெருமுனை திரும்பிய பிறகும் வசந்தா அங்கேயே நின்றாள். அந்த ஒரு சொல் இல்லாமலிருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது விளக்கு மட்டும்தான். டப்பா அதே இடத்தில் இருக்கிறது. செங்கல்வராயன் இன்னமும் தெருவில் நின்றுதான் பீடி பிடிக்கிறார். உள்ளே வாங்க என்று அவளும் கூப்பிடுவதில்லை.