பாய் சொன்ன கிராண்டு

கிராண்டு என்ற சொல்லைக் கேட்டாலே அகதாவுக்கு வயிறு எரியும். நிலப் பட்டாவை அந்தப் பக்கத்துத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கம்போங் குவாந்தானுக்கு இந்தப் பக்கம், ஆற்றோரத்தில், அவளும் புருஷன் பெர்னாட்டும் குடிசை போட்டு மரவள்ளியும் வாழையுமாகப் பாடுபட்ட இடத்துக்கு அது இல்லை. மலாயாவில் அவசரகாலம் வந்ததும், காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறது என்று சொல்லிக்கொண்டு பட்டாளத்துக்காரர்கள் லோரியோடு வந்து நின்றார்கள். "கிராண்டு இருக்கா?" என்று ஒரே கேள்விதான். இல்லை என்றதும் குடிசைக்குத் தீ வைத்தார்கள். குலை தள்ளின வாழையைக்கூட வெட்டிக்கொள்ள விடவில்லை, பாவிகள்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் முள்கம்பி வேலிக்குள் ஒரு துண்டு இடம் காட்டினார்கள். அதுவும் சொந்தமில்லை. வருஷா வருஷம் லைசென்சு புதுப்பிக்க வேண்டும்; போ என்றால் போக வேண்டும். போனால் ரப்பர் தோட்டத்து லயம்தான், வேலை வாங்கும் மண்டோர் கண்ணுக்கு முன்னால்தான். அங்கே திரும்பிப் போவதைவிடச் சாவது மேல் என்று அகதா சொல்லுவாள், விளையாட்டுக்கு அல்ல.

ஐம்பத்து மூன்றில் வேலிக்குள் கவுன்சில் வந்தது. ஆளப் பழகிக்கொள்ளுங்கள், சுதந்திரத்தைப் படிப்படியாகத் தருகிறோம் என்றார்கள் மேலே இருந்த வெள்ளைக்காரர்கள். கம்பிக்குள் அடைத்துவைத்துவிட்டு ஓட்டுப் போடச் சொல்கிற தைரியம் அவர்களுக்குத்தான் வரும். ஆனாலும் அகதா நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் சீனி முகம்மதுவுக்குப் போட்டாள். வேலி வாசலருகே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்; நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிற மனுஷன். அவரே ஜெயித்தார்.

ஜெயித்த கையோடு கடை வாசலில் நின்று பேசினார்.

"வீட்டு வரிய எல்லாரும் ஒழுங்கா கட்டிருங்க. நம்ம கட்டுறதப் பாத்து கவர்மெண்டு கிராண்டு குடுக்கும்லா. ஜில்லா தொரையே சொல்லிட்டாரு."

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல? வரி என்றாலே ஓடி ஒளிகிற ஜனம், கல்யாண வீட்டுப் பந்திக்கு முந்துவதுபோல் வரிசை பிடித்தது. அகதா தன் தையல் மிஷினை விற்றாள். ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கையில் நாலு காசு பார்த்துக்கொண்டிருந்த மிஷின் அது.

"நெசமாவே நெலம் குடுப்பானுங்களா?" என்று பெர்னாட் இழுத்தான்.

"பாய் பொய் சொல்லுவாரா? நம்மதானே ஓட்டுப் போட்டோம்" என்று அவன் வாயை அடைத்தாள்.

மாதங்கள் போயின. கிராண்டு வரவில்லை. செங்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லோரி வந்தது. வீடுகளுக்கு முன்னால் சாக்கடை வெட்ட ஆரம்பித்தார்கள்.

அகதா நேரே கடைக்குப் போனாள். மதியச் சோற்றுக்குக் கூட்டம் உட்கார்ந்திருந்தது.

"லோங்காங் வெட்டுறது இருக்கட்டும் பாய். கிராண்டு எப்ப வரும்?"

சீனி முகம்மது கரண்டியைக் கீழே வைத்தார். "இதுதான் தங்கச்சி அந்தக் கிராண்டு. நம்ம வசூலுக்குச் சமமா கவர்மெண்டு போட்ட டுயிட்டு, மானியப் பணம். வெள்ளக்காரன் பாசையில அதுக்கும் கிராண்டுன்னுதான் பேரு. தொர சொன்னத நான் அப்படியே சொன்னேன்."

அகதா விடவில்லை.

"நாங்க நெலம்னு நெனச்சது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வரி கட்ட வந்த மொத நாளே. நாராயணசாமி எத்தன அடி நெலம்னு கேட்டாரு. நான் ஓடிப்போய் தொரைகிட்ட சொன்னேன். வசூல் நல்லா வருது, இப்ப போய்க் கொழப்பாதேன்னுட்டாரு. வசூல் இல்லன்னா மானியம் இல்ல. மானியம் இல்லன்னா கவுன்சிலே நிக்காது, தங்கச்சி."

அகதாவுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"தொர எங்க தலையில மொளகா அரைக்கிறது எங்களுக்குப் பழக்கம் பாய். அவருக்கு நாங்க ஓட்டுப் போடல. ஒங்களுக்குப் போட்டோம்."

மூலையில் உட்கார்ந்திருந்த அர்ஜுனன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அடுத்த வருசம் ஒரு பய கட்ட மாட்டான்."

"கட்டலன்னா, இந்த ஜனத்துக்கு ஆளத் தெரியாது, இன்னும் பக்குவம் வரலன்னு வெள்ளக்காரன் எழுதிருவான்" என்றார் பாய். "அதுக்குத்தானே காத்திருக்கான்."

அதுதான் அவளை இன்னும் கொதிக்கவைத்தது. ஏனென்றால் அது உண்மை. கட்டினால் ஏமாளி, கட்டாவிட்டால் லாயக்கற்றவள். எப்படிப் போட்டாலும் அவன் பக்கமே விழுகிற மாதிரிதான் பகடை செய்து கொடுத்திருக்கிறான். இந்த இழவுக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம் என்று நினைத்தாள்.

"எந்திரிங்க பாய்."

"எங்க?"

"ஓட்டுக் கேட்டு வீடு வீடா வந்தீங்கள்ல. அதே மாதிரி வாங்க. வந்து ஒவ்வொரு வாசல்லயும் சொல்லுங்க."

கடையைப் போட்டுவிட்டு எப்படி வர என்று அவர் முனகினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அகதா பின்னால் நடந்தாள்.

நாராயணசாமி வீட்டு வாசலில் முதலில் சொன்னார். "கிராண்டுன்னா நெலம் இல்ல. லோங்காங்குதான். தெரிஞ்சும் நான் சொல்லல." நாராயணசாமி உள்ளே போய்விட்டார். காளியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நவமணி, உட்காருங்கள் பாய் என்று ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு அழுதாள். அந்த வாசலில்தான் அவர் கண்ணும் கலங்கியது. அகதா இரக்கப்படவில்லை. அடுத்த வீட்டைக் கைகாட்டினாள்.

தெருக்கோடியில் அவள் வீடு. அவரைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தட்டினார். திறந்தாள்.

"ஒனக்குத்தான் தெரியுமே, தங்கச்சி."

"சொல்லுங்க."

சொன்னார்.

"சத்தமா. எங்க வீட்டுக்காரர் பின்னால இருக்காரு. அவருக்குக் கேக்கணும்."

இன்னொரு தரம், உரக்கச் சொன்னார். கொல்லையில் பெர்னாட் விறகு வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அடுத்த எலக்சன் எப்ப பாய்?"

"வர்ற வருசம்."

"யாரு வேணும்னாலும் நிக்கலாமா? பொம்பளைங்களும்?"

அவர் அவளையே பார்த்தார். "நிக்கலாம்."

"அப்ப வரியக் கட்டுறேன்" என்றாள் அகதா.